அத்தியாயம் 5: சுருள் கலையாமல் சாயமேற்றுவது

கடையில் கிடைக்கும் சாயமேற்றிய ரோமத்தில் பெரும்பகுதி, சீவி, வாரி, ஒரே திசையில் நீட்டிய பட்டைகள். நூற்க எளிது. ஆனால் ஆட்டின் உடம்பில் அது எப்படி வளர்ந்தது என்பதற்கான அடையாளம் அதில் மிச்சமில்லை. இந்த அத்தியாயம் வேறொரு சரக்கைப் பற்றியது: சீவாமல், வாராமல், ஆட்டின் மேல் விழுந்த சுருள் அப்படியே நிற்க, அதன் மேல் கையால் நிறமேற்றிய ரோமம். இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த வென்ஸ்லிடேல் ஆடு இதற்குப் பெயர்போனது. 1839இல் பிறந்த புளூகேப் என்ற கிடாவிலிருந்து தொடங்கிய இனம் அது. தகப்பன் டிஷ்லி லெஸ்டர், தாய் டீஸ்வாட்டர். ரோமம் 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீளும், நன்றாக மின்னும், கொத்துக்கொத்தாகச் சுருண்டு தொங்கும். டீஸ்வாட்டர், லெஸ்டர் லாங்வுல், லிங்கன் ஆகியவையும் இதே குடும்பம்.

அந்தச் சுருளைச் சாயமேற்றுபவர் உண்டாக்குவதில்லை. கெடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அவர் வேலை. நிறம் தவறினால் அதன் மேல் அடர்ந்த நிறமொன்றை ஏற்றி மறைத்துவிடலாம். சுருள் இறுகிக் கட்டியாகிவிட்டால் அதைப் பழையபடி ஆக்க எந்த மருந்தும் இல்லை. ஒரு தவறுக்குப் பரிகாரம் உண்டு, மற்றதற்கு இல்லை என்றால், கவனத்தை எங்கே வைப்பது என்பதில் குழப்பம் வேண்டாம். ஆகவே இங்கே நிறங்களைவிட நீரின் வெப்பத்தைப் பற்றியும் கையின் அசைவைப் பற்றியும்தான் அதிகம் படிப்பீர்கள். வண்ணச் சேர்க்கையை எதிர்பார்த்து இந்த நூலை வாங்கியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். பாத்திரத்திலிருந்து கட்டியை எடுக்கும்போது வரும் ஏமாற்றம் இதைவிடப் பெரிது.

சுருள் ஏன் இறுகுகிறது

செம்மறி ரோமத்தின் ஒவ்வொரு இழையிலும் நுனி நோக்கிப் படிந்த செதில்கள் உண்டு. சூடான நீரில் இழை ஊறி நெகிழ்கிறது. அந்த நிலையில் அசைத்தால் இழைகள் ஒன்றையொன்று தாண்டி நகர்ந்து, செதில்கள் பின்னோக்கி வர விடாமல் பிடித்துக்கொள்கின்றன. சோப்பின் காரம் இதை விரைவுபடுத்தும். ஃபெல்ட் செய்வதன் அடிப்படையே இதுதான். நமக்குப் பயன்படுவது இதன் மறுபக்கம்: வெப்பமும் நீரும் மட்டும் இருந்து அசைவு இல்லையென்றால் ரோமம் எளிதில் இறுகாது. சாயமேற்ற வெப்பம் வேண்டும், நீர் வேண்டும். அசைவு தேவையே இல்லை. விலக்க முடிந்த ஒன்றை முழுமையாக விலக்கிவிடுவதுதான் இந்த அத்தியாயத்தின் எல்லாப் படிகளுக்கும் பின்னால் உள்ள கணக்கு.

எப்படியும் ஃபெல்ட் செய்யப்போகிற ரோமம்தானே, பாத்திரத்திலேயே கொஞ்சம் இறுகினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் ஃபெல்ட்டில் ஒரு சுருள் ஒட்டுவது, அதன் அடிப்பக்கத்து இழைகள் தனித்தனியாக விரிந்து கீழே உள்ள ரோமத்துக்குள் நுழைவதால். பாத்திரத்தில் இறுகிய சுருளின் இழைகள் ஏற்கெனவே தமக்குள் பூட்டிக்கொண்டுவிட்டன. வேறெதையும் பிடிக்க அவற்றுக்கு நீளம் மிச்சமில்லை. துணியின் மேல் வைத்துத் தேய்த்தாலும் பிறகு இழுத்தால் கையோடு வந்துவிடும். நூற்பவருக்கு நட்டம் இன்னும் அதிகம், இறுகிய கொத்திலிருந்து இழை உருவவே உருவாது.

சரக்கைத் தேர்ந்தெடுத்தல்

முதல் முறைக்குக் கழுவிய, சாயமேற்றாத சுருளாகவே வாங்குங்கள். ஒரு சுருளை எடுத்து இரு முனையையும் பிடித்துக் காதருகே வைத்துச் சட்டென இழுங்கள். மணி போன்ற சத்தம் வந்தால் நல்ல ரோமம். நொறுங்கும் சத்தம் வந்தால் ஆடு நோயுற்றோ பட்டினி கிடந்தோ இருந்த காலத்தில் இழை மெலிந்திருக்கிறது. சாயப் பாத்திரத்துக்குப் பிறகு அந்த இடத்தில் முறியும்.

நீலகிரி செம்மறியின் ரோமம் கிடைப்பவர்கள் அதை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்கக்கூடும். அது மென்மையான, குட்டையான ரோமம். மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகியவற்றின் கலப்பு அந்த இனத்தில் உண்டு. ஃபெல்ட்டின் அடித்தளத்துக்கு ஏற்றது. நீண்ட சுருளை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கழுவாத ரோமத்தை வாங்கினால் எச்சரிக்கை தேவை. 19ஆம் நூற்றாண்டில் பிராட்ஃபோர்டு ஆலைகளில் இறக்குமதியான ரோமத்தைத் தரம் பிரித்தவர்கள் ஆந்த்ராக்ஸ் நோயால் இறந்தார்கள். அவர்களின் தொழிலே அந்த நோய்க்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. மந்தையின் உடல்நலம் தெரிந்த இடத்தில் மட்டும் வாங்குங்கள். பிரிக்கும்போது முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று தொடவே வேண்டாம்.

பாத்திரங்களும் பாதுகாப்பும்

அகலமான, ஆழம் குறைந்த எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, தெர்மாமீட்டர், கிராம் காட்டும் தராசு, அளவுக் குவளை, வலைப்பை. அலுமினியம் வேண்டாம், அமிலம் அதை அரிக்கும். இதற்கென ஒதுக்கிய பாத்திரமும் கரண்டியும் சமையலுக்குத் திரும்பப் போகக் கூடாது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கூடாது. சாயப்பொடியைக் கரைக்கும் வரை முகக்கவசம் கட்டாயம், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஈரமான பழைய செய்தித்தாளின் மேல் வைத்து அளந்தால் சிந்திய பொடி பறக்காது. வினிகர் ஆவி எழும்போது சன்னல் திறந்திருக்கட்டும்.

மிக முக்கியமான ஒன்று: பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ அருகில் இருக்கவே கூடாது. அது ரோமத்தைக் கரைத்துவிடும் என்பது ஒருபுறம். அமிலத்தோடு கலந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும்.

கழுவுதல்

கழுவிய சரக்கு வாங்கியவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். கழுவாத ரோமத்தில் உள்ள மெழுகு ஏறக்குறைய 40 டிகிரியில் உருகும். அது இருக்கும்வரை சாயம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும்.

1. சுருள்களைத் தனித்தனியாகப் பிரித்து, வெட்டுமுனைகள் ஒரே பக்கம் வருமாறு வலைப்பையில் ஒரே அடுக்காக அடுக்கிக் கட்டுங்கள்.
2. வாளியில் 60 முதல் 65 டிகிரி சூடுள்ள நீரை ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவத்தை அதில் கலக்குங்கள். நுரை வர அடிக்க வேண்டாம்.
3. பையை நீரின் மேல் வைத்து அது தானாக அமிழட்டும். 15 முதல் 20 நிமிடம். அதற்கு மேல் விட்டால் நீர் ஆறி, உருகிய மெழுகு மறுபடி ரோமத்திலேயே படியும்.
4. பையைத் தூக்கி நீர் வடிய விடுங்கள். பிழிய வேண்டாம். அதே சூட்டில் இன்னொரு முறை திரவத்தோடும், பிறகு இருமுறை வெறும் நீரோடும் இதையே செய்யுங்கள்.

குழாயின் கீழே பையைப் பிடிப்பதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு. விழும் நீரின் வேகமே போதும், சுருள் சிக்கிவிடும். சலவை சோடாவும் கூடாது. காரம் இழையையே தின்னும்.

சாயக் கணக்கு

ரோமத்துக்கு அமிலச் சாயம். பருத்திக்கென்று பொட்டலமாக விற்கும் சாயத்தை வாங்கிவிடாதீர்கள், அதில் பெரும்பாலானவற்றுக்கு சோடா வேண்டும், சோடா ஏன் கூடாது என்று மேலே சொன்னோம். சாயம் கைக்குக் கிடைக்காதவர்கள் கேசரிப் பவுடரில் தொடங்கலாம். செயற்கை உணவு நிறங்களும் அமிலச் சாயங்களே, வினிகரோடு ரோமத்தில் நன்றாகப் பிடிக்கும். வெயிலில் மட்டும் சீக்கிரம் வெளுக்கும்.

1 கிராம் பொடியை 100 மில்லி வெந்நீரில் கரைத்து வையுங்கள். 100 கிராம் உலர்ந்த ரோமத்துக்கு இந்தக் கரைசலில் 50 மில்லி ஊற்றினால் வெளிர் நிறம், 100 மில்லிக்கு நடுத்தரம், 200 மில்லிக்கு அடர்த்தி. கருப்புக்கு 400 மில்லி வரை போகலாம். அமிலத்துக்கு 5 சதவீத வெள்ளை வினிகர் 50 மில்லி, அல்லது சிட்ரிக் ஆசிட் ஒரு தேக்கரண்டி. ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீர் காரத்தன்மை கொண்டதாக இருக்கலாம். அப்படியானால் இன்னும் கொஞ்சம் வினிகர் சேர்க்க வேண்டும். சந்தேகம் வேண்டாம் என்றால் மழைநீரோ சுத்திகரித்த நீரோ பிடித்து வையுங்கள்.

சாயச் செய்முறைகள் பலவற்றில் நிறம் சீராகப் பரவ உப்பு சேர்க்கச் சொல்வார்கள். இங்கே அது வேண்டாம். ஒரே சீரான நிறம் வேண்டுமென்றால் ஆலைப் பட்டையை வாங்குவதே மலிவு. சுருளில் நுனி ஒரு சாயலும் அடி ஒரு சாயலுமாக வருவதுதான் அழகு. அதில் பாதியை ஆடே செய்து வைத்திருக்கிறது. மாதக்கணக்கில் வெயிலும் மழையும் பட்ட நுனி, உடம்பை ஒட்டியிருந்த அடியைவிட வேகமாகச் சாயத்தைக் குடிக்கும்.

சாயமேற்றும் முறை

1. ரோமத்தை வினிகர் கலந்த குளிர்ந்த நீரில் குறைந்தது 1 மணி நேரம் ஊற வையுங்கள். நன்றாக நனையாத இழையின் உள்ளே வெள்ளைக் கோடு விழும்.
2. ஊறிய நீரோடு சேர்த்தே அகலப் பாத்திரத்துக்கு மாற்றி, சுருள்கள் அருகருகே படுக்குமாறு பரப்புங்கள். நீர் அவற்றை மூடி ஒரு விரல் அளவு நின்றால் போதும்.
3. முதல் நிறத்தைப் பாத்திரத்தின் ஒரு பகுதியில் மெதுவாக ஊற்றுங்கள். கிளற வேண்டாம். இரண்டாவது நிறம் அதன் பக்கத்தில். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மூன்றாவது நிறம் தானாகப் பிறக்கும். மூன்று நிறத்துக்கு மேல் ஊற்றினால் பெரும்பாலும் சேற்றுநிறம்தான் மிஞ்சும்.
4. அடுப்பின் சிறிய பர்னரில், மிகக் குறைந்த தீயில் வையுங்கள். அடியில் பழைய தோசைக்கல் ஒன்றை வைத்தால் சூடு ஒரே இடத்தில் தாக்காது. 85 டிகிரியை எட்ட 1 மணி நேரம் ஆகட்டும்.
5. 82 முதல் 88 டிகிரிக்குள் 30 நிமிடம் நிறுத்துங்கள். கொதி வரக் கூடாது.
6. ஒரு கரண்டி நீரை வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்துப் பாருங்கள். நீர் தெளிந்திருந்தால் சாயம் முழுவதும் ரோமத்துக்குப் போய்விட்டது. இன்னும் நிறம் இருந்தால் பாத்திரத்தின் ஓரமாக 20 மில்லி வினிகர் ஊற்றி மேலும் 15 நிமிடம் விடுங்கள்.
7. அடுப்பை அணைத்து, மூடி, அப்படியே ஆற விடுங்கள். இரவு முழுவதும் ஆனாலும் சரி.

ஏழாவது படியைத்தான் பலர் தாண்டுகிறார்கள். நிறத்தைப் பார்க்கும் ஆசையில் சூடான ரோமத்தைக் குழாய் நீரில் காட்டுவார்கள். திடீர்க் குளிர்ச்சி தனியாக இறுக்கிவிடாது என்று வாதிடுபவர்கள் உண்டு, அதில் உண்மையும் உண்டு. அசைவில்லாத குளிர்ச்சியால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் சூடான, நெகிழ்ந்த, கனமான ரோமத்தை அசைக்காமல் தூக்கவே முடியாது. ஆறிய பிறகு தூக்கினால் இழை பழைய விறைப்புக்கு வந்திருக்கும், அதே அசைவைத் தாங்கும். போதாததற்கு, ஆறும் நேரத்திலும் சாயம் ஏறிக்கொண்டே இருக்கும்.

பெரியவர்கள் கொதிக்கக் கொதிக்கத்தானே சாயம் காய்ச்சினார்கள், கொதிக்காத சாயம் நிற்குமா என்பது அடுத்த ஆட்சேபம். நூல் கழிகளும் நெய்த துணியும் கொதியைத் தாங்கும், முறுக்கும் நெசவும் இழைகளை இருந்த இடத்தில் பிடித்து வைத்திருப்பதால். தளர்ந்த சுருளுக்கு அந்தக் காவல் இல்லை. கொதியின் தீமை அதன் சூட்டில் மட்டும் இல்லை. கீழிருந்து எழும் குமிழிகள் ஒவ்வொன்றும் ரோமத்தை உலுக்குகின்றன. கையால் கிளறாமல் இருந்துவிட்டுக் குமிழியைக் கிளற விட்டால் என்ன பயன்? சாயம் நிற்பதற்கு வேண்டியது போதிய அமிலம், 80 டிகிரிக்கு மேலான சூடு, நேரம். வீட்டில் பயன்படுத்தும் அமிலச் சாயங்களில் பெரும்பாலானவற்றுக்கு இவை மூன்றும் போதும். டர்க்காய்ஸ் நீலம் மட்டும் மெதுவாக ஏறும். அதற்குச் சூட்டைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டுங்கள்.

இயற்கைச் சாயம் பற்றி

மஞ்சிட்டி, அரக்கு, மாதுளைத் தோல் இருக்கும்போது அமிலச் சாயம் எதற்கு என்பவர்களுக்குப் பாதுகாப்பை முன்னிட்டுப் பதில் சொல்வது எளிதல்ல. இரண்டு பக்கமும் நல்லதும் கெட்டதும் உண்டு. சாயத்தை ரோமத்தில் பிடிக்கவைக்கும் படிகாரம் வீட்டில் வைக்கத் தக்கது. ஆனால் இயற்கைச் சாயத்தின் பேரால் மயில்துத்தத்தையும் டைக்குரோமேட்டையும் பரிந்துரைக்கும் குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன. முதலாவது நஞ்சு, இரண்டாவது புற்றுநோய் தருவது. இரண்டையும் தொட வேண்டாம். அன்னபேதி நிறத்தை ஆழமாக்கும், ரோமத்தை முரடாக்கி நொறுங்கவும் வைக்கும்.

நம் அளவுகோலில் பார்த்தால் இயற்கைச் சாயத்தின் குறை வேறு: ரோமம் இருமுறை அடுப்பேற வேண்டும், படிகாரத்துக்கு ஒருமுறை, நிறத்துக்கு ஒருமுறை. ஆபத்தும் இரட்டிப்பு. செய்துதான் பார்ப்பேன் என்பவர்கள், ரோமத்தின் எடையில் 10 முதல் 15 சதவீதம் படிகாரத்தைக் கரைத்துக் குளிர்ந்த நீரிலேயே சில நாள் ஊற வைத்து, பிறகு சாயத்துக்கு மட்டும் சூடாக்குங்கள். மஞ்சிட்டி 70 டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் சிவப்பு பழுப்பாகும். மஞ்சள் கிழங்கு அழகாகப் பிடிக்கும், வெயிலில் ஓடிவிடும்.

ஆவிமுறை

சுருளின் நுனிக்கு மட்டும் ஒரு நிறம் வேண்டுமென்றால் பாத்திரத்தைவிட இட்லிப் பானை நல்லது (சமையலறையிலிருந்து ஓய்வு பெற்ற பானை). வினிகர் நீரில் ஊறிய சுருள்களைச் சூடு தாங்கும் பிளாஸ்டிக் தாளில் பரப்பி, சாயக் கரைசலைத் தூரிகையால் தடவி, விரலால் லேசாக அழுத்தி உள்ளிறக்குங்கள். தாளை மடித்துச் சுருட்டித் தட்டின் மேல் வைத்து 40 நிமிடம் ஆவியில் விடுங்கள். பொட்டலம் கொதிநீரைத் தொடக் கூடாது. ரோமம் துளியும் நகராததால் சுருளைக் காப்பதில் இந்த முறையே முதலிடம். ஒரு முறைக்குக் கொஞ்சமாகத்தான் செய்ய முடியும் என்பது குறை. பொட்டலத்தைப் பிரிக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள்.

உலர்த்தலும் கழிவு நீரும்

ஆறிய ரோமத்தை அதே சூட்டிலுள்ள நீரில் இருமுறை முக்கி எடுங்கள். வலைப்பையிலிட்டு வாஷிங் மெஷினின் சுழற்சியில் மட்டும் 1 நிமிடம் வைக்கலாம். மெஷினில் போடுவதா என்று அஞ்ச வேண்டாம், சுழலும்போது ரோமம் சுவரோடு அழுந்தி நிற்கிறது, ஒன்றோடொன்று உரசுவதில்லை. சுழலும்போது நீர் தெளிக்கும் மெஷின் மட்டும் கூடாது. பிறகு வலைத்தட்டில் பரப்பி நிழலில் காய விடுங்கள். பாதி காய்ந்ததும் சுருள்களை விரலால் பிரித்து விட்டால் மினுமினுப்பு திரும்பும்.

நீர் தெளியும்வரை காத்திருக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011 சனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதற்குப் பின்னால், சாயக் கழிவால் கெட்ட நொய்யல் ஆற்றின் கதை இருந்தது. பருத்திச் சாயத்துக்குப் பெருமளவு உப்பு வேண்டும், அது நீரிலேயே தங்கும். வீட்டுப் பாத்திரத்தை அதனோடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் உப்பில்லாத, சாயம் வடிந்த, நீர்த்த வினிகர் நீரை வடிகாலில் ஊற்றுவதும், கலங்கிய சாயத்தை ஊற்றுவதும் ஒன்றல்ல. கிணற்றோரத்திலும் குளத்திலும் எதையும் ஊற்றாதீர்கள்.

ஃபெல்ட்டிலும் நூலிலும்

இதுவரை தவிர்த்த அசைவை இப்போது வேண்டிய இடத்தில் மட்டும் கொடுக்கிறோம். ஈர ஃபெல்ட்டுக்கு, மெரினோவைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, சுருளின் வெட்டுமுனையில் 2, 3 சென்டிமீட்டரை விரித்து அதன் மேல் வைத்து, அந்த அடியின் மேல் மெல்லிய மெரினோ இழையை மூடுங்கள். தொங்கும் நுனிகளைப் பிளாஸ்டிக் தாளால் மறைத்துவிட்டு, சோப்பு நீரில் அடியை மட்டும் தேயுங்கள். அடி பிடித்துக்கொண்டதா என்று ஒரு சுருளை இழுத்துப் பார்த்த பிறகே துணி முழுவதையும் இறுக்குங்கள். ஊசி ஃபெல்ட்டில் 36ஆம் எண் ஊசியால் அடியைக் குத்தி, 38 அல்லது 40ஆம் எண்ணால் முடியுங்கள். நுழைந்த கோணத்திலேயே ஊசி வெளியே வர வேண்டும், சாய்த்தால் முறியும். விரலுறை போடாமல் குத்த வேண்டாம்.

நூற்பவர்கள் உறுதியான கம்பளி நூலொன்றைத் தாங்கு நூலாக ராட்டையில் ஓடவிட்டு, சுருளைச் செங்குத்தாகப் பிடித்து, விரிந்த வெட்டுமுனை முறுக்கில் சிக்குமாறு கொடுங்கள். நுனி வெளியே தொங்கும். ராட்டையின் வாய் அகலமாக இருக்க வேண்டும், மிதி மெதுவாக. தக்ளியில் இது வராது என்றே சொல்லலாம். தக்ளி மட்டும் உள்ளவர்கள் சுருளைச் சீப்பால் திறந்து அடியிலிருந்து உருவி நூற்கலாம். சுருள் போகும், மினுமினுப்பும் நிறமாற்றமும் இருக்கும்.

முதல் முறைக்கு 200 கிராம் வாங்குங்கள். 100 கிராமுக்குச் சாயமேற்றி, மீதி 100 கிராமைக் காற்றுப் புகாத டப்பாவில் வெள்ளையாகவே வையுங்கள், அந்துப்பூச்சிக்கு இரண்டுமே பிடிக்கும். காய்ந்த சாயச் சுருள் ஒன்றை வெள்ளைச் சுருளின் பக்கத்தில் வைத்து, அடியை விரலால் விரித்துப் பாருங்கள். இரண்டும் ஒரேபோல விரிந்தால், அடுத்த முறை நிறங்களோடு விளையாடலாம்.